வெள்ளை ஷூ வெள்ளையா வர மாட்டேங்குதா? கண்ணுக்கு என்ன தெரியுதோ அதுல இருந்து ஆரம்பிங்க

எங்க வீட்ல ரெண்டு பசங்க, ரெண்டு பேருக்கும் புதன்கிழமை வெள்ளை யூனிஃபார்ம், அதுக்கு வெள்ளை கேன்வாஸ் ஷூ. அது பத்தாதுன்னு நான் வேற ஆசைப்பட்டு ஒரு வெள்ளை ஸ்னீக்கர் வாங்கிட்டேன். சமையல் நானும் என் மனைவியும் ரெண்டு பேரும், இஸ்திரி அவங்க, ஷூ டிபார்ட்மென்ட் நான்னு எப்பவோ முடிவாயிடுச்சு, அதனால செவ்வாய்க்கிழமை ராத்திரி ஆனா பாத்ரூம் வாசல்ல ஸ்டூல் போட்டு டூத்பிரஷ்ஷோட உக்காந்திருப்பேன். இத்தனை வருஷத்துல 3 ஜோடியையாவது என் கையாலயே கெடுத்திருக்கேன். கெடுத்து கெடுத்துதான் ஒன்னு புரிஞ்சுது, முக்கால்வாசி நேரம் ஷூவ மஞ்சளாக்குறது பசங்க மிதிக்கிற மண்ணு இல்ல, நாம போட்டுட்டு சரியா அலசாம விட்ட சோப்பும் நம்ம வீட்டு தண்ணியும்தான்.

எதையும் தேய்க்குறதுக்கு முன்னாடி ஷூ மேல ஒரு சொட்டு தண்ணி விட்டு பாருங்க. உடனே உறிஞ்சுனா அது கேன்வாஸோ மெஷ் துணியோதான். முத்து மாதிரி நின்னா ரெக்ஸினோ லெதரோ. துணி ஷூன்னா தண்ணில நனைச்சு துவைக்கலாம், ரெக்ஸின் லெதர் எல்லாம் தொடைக்க மட்டும்தான். இது தெரியாம எல்லாத்தையும் ஒரே பக்கெட்ல ஊற வச்சா கீழ சொல்ற எந்த வைத்தியமும் வேலைக்கு ஆகாது.

துவைக்கும்போது பளிச்சுனு இருந்துச்சு, காஞ்சதும் மஞ்சள் மஞ்சளா திட்டு

இதுதான் நம்பர் ஒன் பிரச்சனை. முதல் தடவை பெரியவன் ஷூவ துவைச்சப்போ ரெண்டு கை நிறைய சோப்பு தூள் போட்டு நுரை வர தேய்ச்சு, ரெண்டு மக்கு தண்ணி ஊத்தி அலசி, மொட்டை மாடி கைப்பிடி சுவத்துல நல்ல வெயில்ல சாய்ச்சு வச்சேன். சாயங்காலம் போய் பாத்தா மூக்கு பக்கம் டீ கொட்டி காஞ்ச மாதிரி வளையம். காலைல வேன் ஹாரன் அடிக்கிறான், வேற வழி இல்லாம சாக்பீஸ் எடுத்து தேய்ச்சு அனுப்புனேன், அது 8 மணி பிரேயர்லயே உதிர்ந்து போச்சாம்.

என்ன நடக்குதுன்னா, துணி காயும்போது உள்ள இருக்குற தண்ணி ஆவியாகுறதுக்கு வெளிப்பக்கமா வருது, வரும்போது உள்ள மிச்சம் இருக்குற சோப்பு, அழுக்கு, ஷூ ஒட்டுற பசைல கரைஞ்சது எல்லாத்தையும் கூடவே இழுத்துட்டு வருது. தண்ணி மட்டும் காத்துல போயிடும், மத்ததெல்லாம் மேல தங்கிடும். கடைசியா எந்த இடம் காயுதோ அங்கதான் எல்லாம் சேரும், மூக்கு கீழ இருக்குற மாதிரி சாய்ச்சு வச்சா மூக்குலதான் வளையம் விழும்.

இதுக்கு மறுபடியும் சோப்பு போட்டு துவைக்காதீங்க, எல்லாரும் செய்யுற தப்பு அதுதான், நானும் 2 தடவை செஞ்சேன், மஞ்சள் இன்னும் கூடுச்சு. வெறும் தண்ணில ஷூவ முழுசா நனைங்க, திட்டு இருக்குற இடத்த மட்டும் நனைச்சா புதுசா ஒரு வளையம் வரும். அப்புறம் ஒரு மக்கு தண்ணிக்கு 2 டேபிள்ஸ்பூன் வெள்ளை வினிகர் கணக்குல கலந்து அதுல ஒரு கால் மணி நேரம் வைங்க. சோப்பு தூள் காரத்தன்மை, வினிகர் புளிப்பு, தங்கி நிக்குற சோப்ப அது கழட்டி விட்ரும். அப்புறம் நல்ல தண்ணில அலசுங்க, பிழிஞ்சு விடுற தண்ணி கைல வழவழன்னு இல்லாம வர்ற வரைக்கும் அலசணும், எனக்கு வழக்கமா 5 தடவை ஆகும்.

இப்பதான் முக்கியமான வேலை. ஷூவுக்குள்ள வெள்ளை துணிய திணிச்சு வடிவம் வர வச்சுட்டு, வெளிப்பக்கம் முழுசும் வெள்ளை டிஷ்யூ பேப்பரையோ டாய்லெட் ரோல் பேப்பரையோ ஈரத்தோட ஒட்டிக்கிற மாதிரி ரெண்டு சுத்து சுத்துங்க, பாக்குறதுக்கு கால் ஒடிஞ்சு கட்டு போட்ட மாதிரி இருக்கும். நிழல்ல, ஃபேன் காத்துல வைங்க. தண்ணி இப்போ துணிய தாண்டி பேப்பர் வரைக்கும் வந்துதான் ஆவியாகணும், அழுக்கும் பேப்பர்ல போய் நின்னுடும். மறுநாள் பிரிச்சு பாத்தா பேப்பர்ல அந்த மஞ்சள் வளையம் அப்படியே அச்சடிச்ச மாதிரி இருக்கும், ஷூ வெள்ளையா இருக்கும். முதல் தடவை அத பாத்தப்போ வீட்ல எல்லாரையும் கூப்பிட்டு காட்டுனேன், யாருக்கும் பெரிய சந்தோஷம் இல்ல.

நியூஸ்பேப்பர் வச்சு சுத்தாதீங்க, மை இறங்கிடும். இனிமே துவைக்கும்போது அரை பக்கெட்டுக்கு 1 ஸ்பூன் சோப்பு தூள் போதும், நுரை குறைவா இருக்கேன்னு மனசு கேக்காது, விடுங்க. தண்ணி பச்சைத் தண்ணியே போதும், சுடுதண்ணி சோல் ஒட்டுன பசைய இளக்கிடும்.

இன்னொன்னு, ஆப்ப சோடாவையும் வினிகரையும் ஒன்னா கலந்து நுரை பொங்க ஷூ மேல ஊத்துற வீடியோ நிறைய சுத்துது. பொங்குறது பாக்க நல்லாதான் இருக்கு, ஆனா ரெண்டும் ஒன்ன ஒன்னு அடிச்சு கடைசில மிஞ்சுறது கொஞ்சம் உப்பு கலந்த தண்ணிதான். சோடா வேணும்னா சோடாவ தனியா போட்டு தேய்ச்சு அலசிட்டு, அப்புறம் வினிகர் தனியா.

சாம்பார், குழம்பு பட்ட இடம் சோப்பு போட்டதும் செவப்பாயிடுச்சு

மச்சான் கல்யாணத்துல பந்தி. பரிமாறுற தம்பி வாளிய தூக்கிட்டு வேகமா வந்தான், ஒரு கரண்டி சாம்பார் நேரா என் ஸ்னீக்கர் மேல. ஓடிப்போய் கை கழுவுற இடத்துல இருந்த சோப்பு போட்டு தேய்ச்சேன், மஞ்சளா இருந்த கறை கண்ணு முன்னாடியே செக்கச் செவேல்னு ஆகுது. நான் பதறி நிக்குறேன், பின்னாடி இருந்து அத்தை, "என்ன மாப்ள, கால்லயே ஆரத்தி கரைச்சு வச்சிருக்கீங்க"ன்னு கேக்குறாங்க. அவங்க கிண்டலா சொன்னாலும் விஷயம் அதேதான். மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டா ஆரத்தி தண்ணி செவக்குதுல்ல, மஞ்சள்ல இருக்குற நிறம் காரம் பட்டா செவக்கும், சோப்பும் காரம்தான். கறை மோசமாகல, நிறம் மாறியிருக்கு, அவ்ளோதான்.

முதல்ல பாத்திரம் வெளக்குற லிக்விட் 2 சொட்டு விட்டு எண்ணெய எடுங்க, சாம்பார்ல மஞ்சள் தனியா இல்ல, தாளிச்ச எண்ணெயோட சேர்ந்துதான் துணிக்குள்ள போயிருக்கு. அலசிட்டு கொஞ்சம் வினிகரோ எலுமிச்சம்பழச் சாறோ தடவுனா செவப்பு திரும்ப மஞ்சளாகும். அதையும் அலசிட்டு வெயில்ல வைங்க. ஆமா, வெயில்லதான். துணி ஷூவ நிழல்ல காய வைங்கன்னு சொன்னவன் இதுக்கு வெயில்னு சொல்றேன், ஏன்னா மஞ்சள் நிறம் வெளிச்சம் பட்டா தானா வெளுத்துடும். கறை பட்ட பக்கம் மேல பாத்த மாதிரி வைங்க. எனக்கு 3 நாள் ஆச்சு, தினம் காலைல ஈரப்படுத்தி வச்சேன், 3வது நாள் எங்க பட்டுச்சுன்னு தேட வேண்டியதா போச்சு.

கறைன்னு ஒன்னும் இல்ல, ஆனா மொத்தமா மங்கி சாம்பல் கலர்ல இருக்கு

தண்ணிய பாருங்க. போர் தண்ணி உப்பா இருந்தா அதுல இருக்குற சுண்ணாம்புச் சத்து சோப்போட சேர்ந்து ஒரு பிசுக்கு மாதிரி ஆகும், பக்கெட் ஓரத்துல வெள்ளையா படியுமே அதேதான், அது நூலுக்குள்ள போய் உக்காந்து அழுக்கையும் புடிச்சு வச்சுக்கும். அரை பக்கெட் தண்ணில ஒரு டீஸ்பூன் சலவை சோடா கலந்து அரை மணி நேரம் ஊற வச்சு தேய்ங்க, ஆப்ப சோடா இல்ல, சலவை சோடா, கிளவுஸ் போட்டுக்கோங்க, கைய எரிக்கும். கடைசி அலசல் மட்டுமாவது கேன் தண்ணி, இல்ல மெட்ரோ தண்ணி, மழை தண்ணின்னு ஏதாவது நல்ல தண்ணில பண்ணுங்க, முடிவா மேல சொன்ன வினிகர் தண்ணி.

எங்க வீட்ல ஒரு கூத்து நடந்துச்சு. ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளிய போற தண்ணிய வீணாக்க வேணாமேன்னு டிரம்ல புடிச்சு வச்சு அதுலதான் ஷூ துவைச்சுட்டு இருந்தேன். நல்ல எண்ணம்தான், ஆனா மெஷின் வடிகட்டி ஒதுக்குன உப்பு மொத்தமும் அந்த தண்ணிலதான இருக்கு, போர் தண்ணிய விட மோசம். இப்ப அது வாசல் கழுவ மட்டும்.

சில சமயம் ஷூ நிஜமாவே சுத்தமாதான் இருக்கும், கடைல புது ஜோடி பக்கத்துல வச்சு பாத்துட்டு மங்கிடுச்சுன்னு நினைப்போம். புது துணில வெளிச்சத்த வாங்கி லேசா நீலமா திருப்பி விடுற ஒரு சாயம் போட்டிருப்பாங்க, அதுதான் அந்த கண்ண கூசுற வெள்ளை. போகப் போக அது குறையும். நல்ல துணி சோப்பு தூள்லயும் அதே மாதிரி சரக்கு இருக்கும், பாத்திரம் வெளக்குற லிக்விட்ல இருக்காது, அதனால எண்ணெய்க் கறைக்கு லிக்விட், மொத்தமா துவைக்க தூள்.

நீலம் போட்டேன், இப்ப புள்ளி புள்ளியா நிக்குது

சொட்டு நீலத்த நேரா ஷூ மேல விட்டிருப்பீங்க, இல்ல தண்ணில விட்டுட்டு கலக்காம ஷூவ போட்டிருப்பீங்க. மெனக்கெட்டு தேய்க்க வேணாம், நிறைய தண்ணில ராத்திரி முழுக்க ஊற வைங்க, காலைல தண்ணிய மாத்துங்க, கொஞ்சம் கொஞ்சமா விடும். அடுத்த தடவை அரை பக்கெட்டுக்கு 4, 5 சொட்டு, நல்லா கலக்கிட்டு, அலசி முடிச்ச ஷூவ ஒரு நிமிஷம் முக்கி எடுத்தா போதும். நீலம் எதையும் சுத்தம் பண்ணாது, மஞ்சளுக்கு எதிரா நீலத்த காட்டி கண்ண ஏமாத்துது. அதனால லேசா மஞ்சளா இருந்தா எடுபடும், ஏற்கனவே சாம்பலா இருக்குற ஷூவுக்கு போட்டா இன்னும் கறுக்கும்.

மேல் துணி வெள்ளை, ரப்பர் சோல் மட்டும் மஞ்சள்

இது அழுக்கு இல்ல. ரப்பர் காத்தும் வெயிலும் பட்டு பழுக்குது, பழைய ஸ்விட்ச் போர்டு மஞ்சளாகுற மாதிரின்னு வச்சுக்கோங்க. டூத்பேஸ்ட் போட்டு எவ்ளோ தேய்ச்சாலும் மேலோட்டமான அழுக்குதான் போகும், மஞ்சள் போகாது.

இதுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு வேணும். மெடிக்கல் ஷாப்ல கிடைக்குறது தண்ணியா இருக்கும், வழிஞ்சு ஓடிடும், அதனால பியூட்டி பார்லர் சாமான் விக்குற கடைல முடிக்கு சாயம் அடிக்குறதுக்கு முன்னாடி கலப்பாங்களே அந்த டெவலப்பர் கிரீம், 20 வால்யூம் போட்டது கேளுங்க, அது 6 சதவீதம். கிளவுஸ் கட்டாயம், கண்ணுக்கு பக்கத்துல கொண்டு போகாதீங்க, பசங்கள கூட சேத்துக்காதீங்க. மேல் துணி மேல படாம சோல சுத்தி டேப் ஒட்டிட்டு, பழைய பிரஷ்ஷால ரப்பர்ல மட்டும் கிரீம கெட்டியா பூசி, மேல கிளிங் ராப் சுத்தி வெயில்ல வைங்க. ராப் எதுக்குன்னா கிரீம் காயக்கூடாது, காஞ்ச இடம் ஒரு மாதிரி ஈரமா இருந்த இடம் ஒரு மாதிரி வெளுத்து வரிவரியா நிக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பி வச்சு, 3 மணி நேரத்துல பிரிச்சு கழுவி பாருங்க, பத்தலனா இன்னொரு நாள். இது நிரந்தரம் இல்ல, ரப்பர் மறுபடியும் பழுக்கும், ஒரு சீசன் நிம்மதின்னு நினைச்சு பண்ணுங்க.

மண்ணு, சகதி, செம்மண்

ஈரமா இருக்கும்போது கைய வைக்காதீங்க, அவ்ளோதான் ரகசியம். செம்மண் செவப்பா இருக்குறதே இரும்பு துருவாலதான், ரொம்ப பொடியா இருக்கும், ஈரத்தோட தேய்ச்சா நூலுக்குள்ள ஏறிடும். முழுசா காய விட்டு, ரெண்டு ஷூவையும் ஒன்னோட ஒன்னு தட்டி, காஞ்ச பிரஷ்ஷால உதிர்த்துட்டு அப்புறம் துவைங்க. அப்பவும் செவப்பு நிழல் நின்னா எலுமிச்சை சாறு தடவி அரை மணி நேரம் விட்டு நல்லா அலசுங்க.

லேஸ் போடுற ஓட்டைல இருக்குற கம்பி வளையத்த சுத்தி காவி கலர்ல வட்டம் வந்தாலும் அதே துருதான், எலுமிச்சையோட கொஞ்சம் தூள் உப்பு சேத்துக்கோங்க. இந்த ரெண்டுக்கும் பிளீச்சிங் பவுடர் போட்டா துரு இன்னும் அழுத்தமா புடிச்சுக்கும்.

பிளீச்சிங் பத்தி பேச்சு வந்ததால சொல்லிடுறேன், சுத்தமான பருத்தி கேன்வாஸ்ல ரொம்ப நீர்த்து எப்பவாவது போடலாம், நைலான், ஸ்பாண்டெக்ஸ் கலந்த மெஷ் ஷூவுக்கு போட்டா வெளுக்குறதுக்கு பதிலா மஞ்சளாகும், நான் கெடுத்த 3 ஜோடில ஒன்னு இது. அதவிட முக்கியம், பிளீச்சிங்கோட வினிகர், எலுமிச்சை, பாத்ரூம் கழுவுற ஆசிட் எதுவும் சேரவே கூடாது, குளோரின் வாயு வரும், கதவு சாத்துன பாத்ரூம்ல அது விளையாட்டு இல்ல. ஆசிட் ஊத்துன மக்குல கூட பிளீச்சிங் கலக்காதீங்க.

சின்ன சின்ன கோடு, தீத்தல்

ரப்பர்ல கறுப்பு கோடு விழுந்திருந்தா பையன் பென்சில் பாக்ஸ்ல இருக்குற ரப்பர் எடுத்து அழிங்க, பாதி போயிடும், மீதிக்கு வெள்ளை டூத்பேஸ்ட், ஜெல் வேணாம். சைக்கிள் செயின் கிரீஸ்னா முதல்ல டால்கம் பவுடர் தூவி ராத்திரி விட்டுட்டு, தட்டிட்டு, பாத்திரம் லிக்விட். பால்பாயின்ட் பேனா, புல்லு தேய்ச்ச பச்சை ரெண்டுக்கும் சானிடைசர் நனைச்ச வெள்ளை துணிய வச்சு ஒத்தி ஒத்தி எடுக்கணும், தேய்ச்சா பரவும், துணிய அடிக்கடி மாத்தணும். முடிச்சதும் வழக்கம் போல துவைங்க.

ரெக்ஸின் ஷூ: மடிப்புல கறுப்பு கோடு, தோல் உரியுது

மடிப்புல இருக்குற கோடு அழுக்குதான். ஷூவுக்குள்ள கைய விட்டு மடிப்ப நிமிர்த்தி புடிச்சுக்கிட்டு, லிக்விட் சோப்பு தொட்ட பிரஷ்ஷால மெதுவா தேய்ச்சு ஈரத்துணியால துடைங்க. மேஜிக் ஸ்பான்ஜ் (மெலமைன் நுரைல செஞ்ச வெள்ளை ஸ்பான்ஜ்) வேலை செய்யும், ஆனா அது ரொம்ப நைஸான உப்புத்தாள் மாதிரி, பளபளப்ப சேத்து எடுத்துடும், அடிக்கடி வேணாம். தோல் செதில் செதிலா உரிஞ்சா அதுக்கு வைத்தியம் கிடையாது, மேல் பூச்சு ஈரக் காத்துல நாளாவட்டத்துல சிதையுது. வருஷக்கணக்கா டப்பாக்குள்ள பத்திரமா வச்ச ஷூவ எடுத்து போட்ட அன்னிக்கே அடி சோல் பொரி மாதிரி நொறுங்குதே, பல ஷூல அதுவும் இதே கதைதான்.

ஒயிட் பாலிஷ் போட்டேன், வெடிச்சு வெடிச்சு உதிருது

பழைய பூச்ச எடுக்காம மேல மேல அடிச்சிருக்கீங்க, சுவத்துக்கு சுண்ணாம்பு அடிக்குற கதைதான். ஊற வச்சு பழசு எல்லாத்தையும் தேய்ச்சு எடுத்துட்டு, ஷூ லேசா ஈரமா இருக்கும்போது ஸ்பான்ஜ்ல தொட்டு மெலிசா ஒரே ஒரு பூச்சு. மழை நாள்ல போடவே போடாதீங்க, கரைஞ்சு பேன்ட் அடில ஏறும்.

ஐப்பசி கார்த்திகை மழை: கறுப்பு புள்ளி, நாத்தம்

கறுப்பு புள்ளி பூஞ்சை. வீட்டுக்குள்ள தட்டாதீங்க, வெளிய கொண்டு போய் காஞ்ச பிரஷ்ஷால தட்டிட்டு, மெடிக்கல் ஷாப் பெராக்சைட (3 சதவீதம், 6 இருந்தா அதே அளவு தண்ணி கலந்துக்கோங்க) பஞ்சுல தொட்டு புள்ளி மேல வச்சு 20 நிமிஷம் கழிச்சு துவைங்க. வெள்ளைல மட்டும், கலர் பட்டை இருந்தா அதையும் வெளுத்துடும். நாத்தம் ஷூவுல இருக்குறத விட இன்சோல்லதான் இருக்கும், அத வெளிய எடுத்து தனியா துவைச்சு தனியா காய வைங்க, ஷூவுக்குள்ள ஆப்ப சோடா தூவி காலைல தட்டிடுங்க. மழைல காயவே மாட்டேங்குதுன்னா வாஷிங் மெஷின்ல டவலோட சேத்து ஸ்பின் மட்டும் 2 நிமிஷம் ஓட்டிட்டு ஃபேனுக்கு கீழ வைங்க. டிரையர்ல போடாதீங்க, சூடு பசைய பிரிச்சுடும்.

எல்லாம் பண்ணிட்டேன், இன்னும் பழசாவே தெரியுது

லேஸ பாருங்க. ஷூவ கண்ணு மாதிரி துவைச்சுட்டு லேஸ கழட்டாமலே விட்டிருப்போம், இல்ல ஷூவோட சேத்து தேய்ச்சிருப்போம், மடிஞ்ச இடம் எல்லாம் அழுக்கு அப்படியே இருக்கும். கழட்டி சோப்பு தண்ணி ஊத்துன மூடி போட்ட பாட்டில்ல போட்டு குலுக்குங்க, சின்னவன்கிட்ட குடுத்தா அவனே அரை மணி நேரம் குலுக்குவான். அப்பவும் வெளுக்கலனா புதுசு வாங்கி மாட்டிடுங்க, ஷூவே புதுசா தெரியும். பழச நாங்க தூக்கிப் போடல, வீட்டு வாசல்ல முருங்கைக் கன்னு காத்துல சாயாம அதாலதான் கம்போட கட்டி வச்சிருக்கு.